இடது காதோரத்து முடிச்சு

உப்புப் பாத்திகளுக்கு நடுவே வரப்பின் மேல் ஒரு வெள்ளைத் தலைக்கட்டு வருகிறது, ஆள் நடந்து வரவில்லை, நாலு பேர் பலகையில் தூக்கி வருகிறார்கள், வெயில் உப்பில் பட்டுக் கண்ணைக் குத்துகிறது, முகம் தெரியவில்லை, கட்டு மட்டும் தெரிகிறது, அதன் முடிச்சு இடது காதோரம் இருக்கிறது, என் தலையிலிருந்த கூடை எப்போது விழுந்ததோ எனக்கு நினைவில்லை. இந்த உப்பளத்தில் ஆம்பிளைகளுக்கெல்லாம் ஒரே மாதிரித் துண்டுதான், பொங்கலுக்கு முதலாளி கொடுத்தது, கட்டைப் பார்த்துத்தான் ஆளைச் சொல்வோம், சுமை தூக்காத கணக்கப்பிள்ளைக்கு ரிப்பன் மாதிரி ஒரே சுற்று, மூட்டை ஏற்றுகிறவர்களுக்கு முறுக்கி மூன்று சுற்று, முடிச்சு வலது காதோரம், பெண்கள் நாங்கள் நெற்றியை மூடி, பிடரியில் மாற்றி, வாயை மறைத்துத் தாடைக்குக் கீழே முடிந்து அதன்மேல் சும்மாடு வைப்போம், கண் மட்டும் வெளியே, இடது பக்கம் முடிகிறவர் என் வீட்டுக்காரர் ஒருத்தர்தான், இடதுகைப் பழக்கம், யக்கா, அண்ணன் திருவிழாவுல தொலைஞ்சாலும் பிடிச்சிரலாம், ஒலகத்துக்கே மாத்தி முடிஞ்சிருக்காருல்லா என்று ஆத்திமுத்துவின் பெண்டாட்டி சந்தனமாரி கேலி பேசுவாள், நானும் சிரித்திருக்கிறேன், அந்தச் சிரிப்பு இப்போது கூடவே ஓடி வருகிறது, காலையில் கஞ்சியில் உப்பில்லை என்றார், அளத்துலதான வேல, அள்ளிப் போட்டுக்கிடும் என்றேன், அதுவா நான் பேசிய கடைசிப் பேச்சு, வரப்பு வழுக்குகிறது, யக்கா, பாத்து யக்கா, ஒண்ணும் ஆயிருக்காது என்று சந்தனமாரிதான் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறாள், எனக்காக அழுதுகொண்டே வருகிறாள்.

பலகையில் கிடந்தவன் முகமெல்லாம் உப்பும் ரத்தமும், கையால் வழித்தேன், அடியில் மீசை வந்தது, என் ஆளுக்கு மீசை கிடையாது, அது ஆத்திமுத்து, உடம்பெல்லாம் எனக்கு லேசாகிவிட்டது, சாமி என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன், அதே நேரம் என் இடுப்பிலிருந்த கை நழுவியது, சந்தனமாரி அப்படியே பாத்திக்குள் உட்கார்ந்துவிட்டாள், அவளைத் தூக்க எனக்குக் கை வரவில்லை, பலகையிலிருந்தவன்தான் கண்ணைத் திறந்தான், ஏட்டி, சாவல, எந்திரி, இந்தக் கட்டக் கொஞ்சம் தளத்தச் சொல்லு, மண்டை நசுங்குது என்றான், தளத்தாத, ரத்தம் வரும் என்று பின்னாலிருந்து ஒரு குரல், வெறுந்தலையோடு என் வீட்டுக்காரர், உப்புக் குவியலில் ஏறுகிற பலகை முறிந்து இவன் தலைகுப்புற விழுந்திருக்கிறான், அவன் துண்டு உப்புக்குள்ள போயிட்டு, எந் துண்டத்தான் கட்டினேன், எனக்கு வேற எப்படிக் கட்டத் தெரியும் என்கிறார், நான் என்ன பாவம் செய்தேன் என்று கேட்கிறவர் போல என்னைப் பார்க்கிறார்.

ஆத்திமுத்துவோடு சந்தனமாரியையும் ஆஸ்பத்திரிக்கு லாரியில் ஏற்றிவிட்டபோது அவள் கையை விடாமல் பிடித்திருந்தேன், போங்கக்கா, நானா இருந்தாலும் அப்பிடித்தான் கும்பிட்டிருப்பேன் என்றாள், ஆறு தையலோடு போயிற்று என்று மத்தியானமே ஆள் வந்து சொல்லிவிட்டான், அதற்கும் முன்னால், லாரி கிளப்பிய புழுதி அடங்குவதற்குள், என் தலைத்துணியை அவிழ்த்து அவர் தலையில் போட்டேன், நெற்றியை மூடி, பிடரியில் மாற்றி, தாடைக்குக் கீழே முடிந்தேன், ஏ பிள்ள, ஆம்பிளையளுக்கு இதா கட்டு, நாலு பேரு சிரிப்பாவ என்றார், சிரிக்கட்டும், வெயிலு மண்டையப் பிளக்குது, நில்லும் என்றேன், மூட்டை ஏற்றுகிறவர்கள் சிரித்தார்கள், ஏ மதினி, இந்தப் பக்கம் வாங்க, மூட்டை ஏத்தணும் என்று கூப்பிட்டார்கள், அவர் அவிழ்க்கவில்லை, சாயங்காலம் வரைக்கும் வெள்ளைக் குவியல் மேல் ஒரு பொம்பிளைக் கட்டு ஏறி இறங்கி ஏறுகிறது, வெறுந்தலையில் கூடையோடு நின்று நான் பார்க்கிறேன், முகம் தெரியாத தூரம்தான், நடக்கிறது, தானாக நடக்கிறது.