வாசல்வரை வந்த சரக்கு

"அருமையான காலாண்டு, வாழ்த்துகள்!" என்று நான்காவது ஆளும் சொன்னபோது நோரீன் கையிலிருந்த பென்சிலை மேசைமேல் எறிந்தாள்.

மேசை நடுவில் இருந்த ஒலிபெருக்கியில் கிரான்வெல் நிறுவனத்தார் தங்கள் மூன்று மாத வியாபாரத்தைப் பற்றித் தொலைபேசி வழியே முதலீட்டாளர்களிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். கேள்வி கேட்க வந்தவர்கள் எல்லாரும் வாழ்த்திவிட்டுத்தான் தொடங்கினார்கள். பெரிய தரவு மையங்களுக்கு ஹார்டு டிஸ்க் செய்து தருபவர்கள். சந்தை மூடிய பிறகு நடக்கும் வியாபாரத்திலும் அவர்களுடைய பங்கு பன்னிரண்டு சதவீதம் ஏறியிருந்தது. நோரீன் வேலை பார்த்த சிறிய முதலீட்டு நிறுவனத்தின் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கு அதில்தான் இருந்தது. வைத்திருப்பதா, விற்பதா, இன்னும் வாங்குவதா என்று முதலாளி ஹாலிஸ் நாளைக் காலைக்குள் முடிவு செய்ய வேண்டும்.

"ரெண்டு மடங்கா வாங்கிடலாம் ஹாலிஸ்," என்றான் டெக்ஸ்டர். "உலகமே தரவைக் கொட்ட இடம் தேடி அலையுது. இவங்க இடம் விக்கறாங்க. இதுக்கு மேல என்ன வேணும்?"

"வித்தாங்களான்னுதான் கேக்கறேன்," என்றாள் நோரீன்.

"ஆரம்பிச்சுட்டாப்பா," என்றான் டெக்ஸ்டர்.

"எட்டு காலாண்டா அங்க கணக்கு வாசிக்கற ஆளு 'வாடிக்கையாளர் எடுத்துக்கிட்டது'ன்னு படிச்சான். இன்னைக்கு 'வாசலுக்குக் கொண்டுசேர்த்தது'ங்கறான். காதுல விழலையா உனக்கு?"

"ஒரு வார்த்தைக்கு இவ்வளவு ஆட்டமா?"

நோரீனுக்குக் கன்னம் சுட்டது. டிஸ்க் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் நான்கு வருடம் இருந்தவள் அவள். வாடிக்கையாளரின் கட்டடத்துக்குப் பக்கத்திலேயே நிறுவனம் ஒரு கிடங்கு வைத்திருக்கும். சரக்கு அங்கே போய்ச் சேர்வது விற்பனை இல்லை. வாடிக்கையாளர் வந்து எடுத்தால்தான் விற்பனை. எடுக்காவிட்டால் அது வாசலில் கிடக்கும் இரும்பு. அரை மணி நேரமாக இதைத்தான் இந்த இருவரிடமும் கத்திக்கொண்டிருந்தாள்.

கேள்வி கேட்கும் வரிசையில் அவள் பெயர் வந்தது. அவள் வாழ்த்துச் சொல்லவில்லை.

"வாசலுக்குக் கொண்டுசேர்த்ததுன்னு சொன்னீங்க. அதுல எவ்வளவு இன்னும் உங்க கிடங்குலயே இருக்கு?"

மறுமுனையில் ஒலியை நிறுத்திவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. பிறகு ஒரு குரல் மழுப்பியது. "அந்த விவரத்தை நாங்க தனியாப் பிரிச்சுச் சொல்றதில்லைங்க. அடுத்த கேள்வி?"

"அருமையான காலாண்டு, வாழ்த்துகள்!" என்றான் அடுத்தவன். டெக்ஸ்டர் மேசையைத் தட்டிச் சிரித்தான்.

ஹாலிஸ் சிரிக்கவில்லை. அழைப்பு முடியும்வரை பொறுத்திருந்தார்.

"அடுத்த வாரம் அவங்க தலைவரோட எனக்குச் சாப்பாடு. ஒரு வருஷமா கெஞ்சி வாங்கினது. ஒரு வாழ்த்துச் சொன்னா உன் வாய் வெந்துடுமா?"

"பதில் வரலையே ஹாலிஸ். அது உங்களுக்கு உறைக்கலையா?"

"மெலிண்டாவைக் கூப்பிடு. மன்னிப்புக் கேளு. இப்பவே. என் முன்னாடி."

முதலீட்டாளர்களோடு பேசுவதற்காகவே கிரான்வெல் வைத்திருந்தவள் மெலிண்டா. நோரீன் ஒலிபெருக்கியிலேயே எண்ணை அழுத்தினாள்.

"மெலிண்டா, நோரீன் பேசறேன். நான் கேட்ட விதம் உங்களுக்கு..."

"விதமா?" மெலிண்டாவின் குரல் அறையை அறைந்தது. "ஐநூறு பேர் கேக்கற இடத்துல எங்களைத் திருடங்க மாதிரி நிக்க வெச்சுட்டு விதமாம் விதம்!"

"திருடங்கன்னு நான் சொல்லல. கிடங்குல எவ்வளவுன்னு கேட்டேன்."

"மூணுல ஒரு பங்கு கிடக்குது! அதனால என்ன குடிமுழுகிப் போச்சு? வசந்தத்துல வந்து எடுத்துக்கப் போறாங்க!"

சொன்ன பிறகுதான் மெலிண்டாவுக்குத் தான் சொன்னது கேட்டது போலிருந்தது. "நான்... நான் அதைச் சொல்லல," என்று வைத்துவிட்டாள்.

டெக்ஸ்டரின் முகம் வெளுத்துவிட்டது. கிடங்கில் கிடக்கும் மூன்றில் ஒன்றைக் கழித்துவிட்டால் கிரான்வெல் அறிவித்த வளர்ச்சியே இல்லை. போன வருடத்தைவிடக் குறைவு.

"காலையில சந்தை மணியடிச்சதும் எல்லாத்தையும் வித்துடு," என்றார் ஹாலிஸ்.

இரண்டு நொடிக்கு நோரீனுக்கு இனித்தது. பிறகுதான் அடி விழுந்தது.

"விக்க முடியாது."

"என்ன?"

"ஊருக்குச் சொல்லாததை நம்மகிட்ட மட்டும் சொல்லிட்டா. அவங்களே வெளியில சொல்றவரைக்கும் ஒரு பங்கை நாம தொட்டாலும் குற்றம். அஞ்சு நிமிஷம் முன்னாடி என் சந்தேகத்தை நம்பி வித்திருக்கலாம். தாராளமா வித்திருக்கலாம்!"

ஹாலிஸ் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரல் இறங்கியிருந்தது. "நீ முன்னாடியே சொன்னதுதானேம்மா. அதை வெச்சுத்தான் வித்தோம்னு ஒரு குறிப்பு எழுதிடு. இங்க இருக்கறது மூணு பேரு."

"முன்னாடி சொன்னப்ப நீங்க என்ன செஞ்சீங்க? மன்னிப்புக் கேக்கச் சொன்னீங்க."

"நோரீன்," என்றான் டெக்ஸ்டர். முதல் தடவையாகக் கெஞ்சினான். "நீ சொன்னதுதான் சரி, ஒத்துக்கறேன். எழுதிடேன்."

அவள் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தாள். நிறுவனத்தின் வழக்கறிஞருக்கு மூன்று வரி: யாரை அழைத்தோம், என்ன காதில் விழுந்தது, எத்தனை மணிக்கு. கிரான்வெல் பங்கை நாம் வாங்குவதையும் விற்பதையும் உடனே நிறுத்திவைக்கவும் என்று நான்காவதாக ஒன்று.

"அனுப்பாதே," என்றார் ஹாலிஸ். "உண்மை வெளியில வந்தா நமக்கு எவ்வளவு போகும்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும். இங்க எனக்கு மட்டும்தான் தெரிஞ்சிருந்துச்சு."

அனுப்பினாள். சுவரில் இருந்த திரையில் கிரான்வெல் பதினான்கு சதவீதத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. மூவரும் அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.