ரோட்டுப் பக்கத்து ஊற்று

…இல்லை, இது மசக்கை இல்லை, மசக்கையென்றால் கருவாடு பொரிக்கிற வாடைக்கே எழும்பி ஓடவேண்டும், நான்தான் நேற்றுக்கூடக் கருவாடு பொரித்து இரண்டாம் தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டேனே, இந்தக் கிணற்றுத் தண்ணீரை வாய்க்குக் கொண்டுபோனால் மட்டும் ஏன் தொண்டை அடைக்கிறது… பெற்றோல்தான், வேறென்ன. எங்கள் கடைக்கு முன்னால் பம்புக் கைப்பிடியைச் சுற்றித் துரைமாரின் காருக்கு அடிக்கிறார்களே, அதே வாடை. வாளித் தண்ணீரில் மேலாக மினுங்குகிறதே, அது வாளியின் துருவாம், என் புருஷன் ஷுக்ரி சொல்கிறார், எந்த நாட்டில் துரு மினுங்குகிறது? புள்ளத்தாச்சி மூக்கு அப்படித்தான், எதை மோந்தாலும் நாறும் என்று சிரிக்கிறார். வயிற்றில் ஐந்து மாதம். முதல் பிள்ளை தங்கவில்லை, இதுவாவது தங்கவேண்டும், அதற்குத்தானே இந்தப் பயமெல்லாம், எனக்கென்ன தண்ணீரோடு கோபமா…

கிணறு வெட்டினதை நான் பார்த்தவள். கலியாணமாகி இந்த வீட்டுக்கு வந்த புதிது, மாமா ஆள்விட்டு வெட்டினார், குசினி ஜன்னலால் பார்த்துக்கொண்டே இருந்தேன், வாசல் தாண்ட விடாதவளுக்கு வேறென்ன வேடிக்கை? முதலில் செம்மண், பிறகு வெள்ளையாய் உளுத்த கல், விரலால் நசுக்கினால் மாவாகும், அதற்கும் கீழே கரும்பாறை. அந்தப் பாறை வெடிப்பால்தான் தண்ணீர் வந்தது, ரோட்டுப் பக்கத்திலிருந்து, மேட்டிலிருந்து. மேட்டுத் தண்ணீர் எந்தக் கோடையிலும் வற்றாது என்று மாமா எல்லாருக்கும் கற்கண்டு கொடுத்தார், பாவம், நல்ல காலத்தில் மௌத்தாகிப் போனார். பதுளைக்கு ரயில் வந்தது, தோட்டத்துத் துரைமாரெல்லாம் கார் வாங்கினார்கள், இவருக்கும் பெற்றோல் விற்க ஆசை வந்தது, நோன்புப் பெருநாள் கழிந்த கையோடு அதே மேட்டில் குழி வெட்டி அதை ஊற்றிவைக்கிற இரும்புத் தாங்கியை இறக்கினார். அதே செம்மண், அதே உளுத்த கல், மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். கொழும்பிலிருந்து வந்த பெற்றோல் கம்பனி ஆள் மண்ணைச் சப்பாத்தால் மிதித்துப் பார்த்துவிட்டு, இறுகின மண், ஒரு சொட்டும் இறங்காது என்றாராம். மிதித்தது செம்மண்ணை, அடியில் கிடக்கிற மாவுக்கல்லை யார் மிதித்துப் பார்த்தது? தாங்கி ஒழுகினால் எங்கே போகும், அந்த மாவுக்குள் இறங்கிப் பாறையில் படுத்து வெடிப்பால் என் வாளிக்குத்தானே வரும் என்று இவரிடம் கேட்டேன்.

"நீ பூமிக்குள்ள போய்ப் பாத்துட்டு வந்தியா, ஜெமீலா?" என்றார்.

பூமிக்குள் போகவேண்டாம், தாங்கிக்குள் குச்சி விட்டு அளக்கிறீர்களே, ஒவ்வொரு தரமும் குறைகிறதே, அது எங்கே போகிறது? பம்பு அடிக்கிற தங்கராஜா திருடுகிறான் என்று அவனை விரட்டியாயிற்று, விரட்டின பிறகும் குறைகிறது, இப்போது வெயிலில் ஆவியாகிறதாம், இந்தக் குளிரில். உடுப்புத் துவைக்க வருகிற கருப்பம்மா, துணியிலகூட வாடை அடிக்குதுங்கம்மா என்று என்னிடம் சொன்னாள். அவளைக் கூப்பிட்டு அவர் கேட்டார், அவள் தலையைக் குனிந்துகொண்டு, எனக்கு ஒண்ணும் தெரியலீங்க மொதலாளி என்றுவிட்டாள், அவளைக் குறை சொல்லி என்ன, அவளுக்கும் வயிறு இருக்கிறது. சந்திக் குழாயில் எனக்கு மட்டுமாவது ஒரு குடம் பிடித்துத் தரச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். சொந்தக் கிணறு இருக்கிறவன் குழாய்த் தண்ணீர் எடுத்தால் ஊர் என்ன நினைக்கும் என்றார். ஊர் என்ன நினைக்கும்… கிணறு கெட்டது என்று நினைக்கும், கிணறு ஏன் கெட்டது என்று கேட்கும், கம்பனி பம்பைக் கழற்றிக்கொண்டு போகும். பம்பு நிலைக்க நான் இதைக் குடிக்கவேண்டும். எரிகிறது எனக்கு.

பின்னேரத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்கிறார்கள். அவர் தொப்பியைத் தேடுகிறார். வாளி நிறைய இறைத்து வைத்திருக்கிறேன், வுளு எடுத்திட்டுப் போங்க என்றேன், வாய் கொப்பளித்து, முகம் கைகால் கழுவிப் போகட்டுமே, தினமும் செய்கிறதுதானே.

"வேணாம், பள்ளியில எடுக்கிறேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். பள்ளியில்… ஏன் பள்ளியில்? மாமா காலத்திலிருந்து இந்த வீட்டு ஆண்கள் கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்துதானே வுளு எடுப்பார்கள், அந்தக் கல்லைப் பார்க்கிறேன், காய்ந்து கிடக்கிறது, ஓரத்தில் எறும்பு புற்று வைத்திருக்கிறது. நேற்றும் இவர் பள்ளியில்தான் எடுத்தார், முந்தாநாளும், அதற்கு முன்பும்… எப்போதிலிருந்து? சின்னதில் குர்ஆன் ஓதப் போன இடத்தில் லெப்பை சொல்லித் தந்தது எனக்கு மறக்கவில்லை, நிறம், வாடை, ருசி, வேறொன்று கலந்து இதில் ஒன்று மாறிப்போனாலும் அந்தத் தண்ணீரில் வுளு கூடாது. அவரும் அதே லெப்பையிடம்தான் ஓதினார். தொழுகை கூடாமல் போய்விடும் என்று பயந்திருக்கிறார் மனிதர், அல்லாஹ்விடம் பொய் சொல்ல முடியாதே. நான் இன்று காலையும் இதில்தான் வுளு எடுத்தேன், இதைத்தான் குடித்தேன், ஒவ்வொரு மிடறுக்கும் என் மூக்கைத்தான் நான் திட்டினேன். வந்ததும் கேட்கலாம். கேட்டால் பதில் சொல்வார், ஏதாவது சொல்வார், அதையும் நான் நம்பவேண்டியிருக்கும்… அஸருக்கு நேரமாகிறது, வாளி முன்னால் இருக்கிறது, கையை விடவா வேண்டாமா என்று நின்றுகொண்டிருக்கிறேன்.