பன்னிரண்டு நாட் பின்காற்று

எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு வியாதி. யார் எது சொன்னாலும் "சரிங்க" என்றுவிடுவேன். என் மச்சான் தன் டைல்ஸ் கடையில் எனக்கென்று ஒரு நாற்காலி வாங்கிப் போட்டபோதுகூட அப்படித்தான் சொன்னேன். விமான லைசென்ஸைப் புதுப்பிக்கும் தேர்வில் தேறாவிட்டால், இருபத்திரண்டு வருடம் சின்ன விமானம் ஓட்டிய நான் அந்த நாற்காலியில் போய் உட்கார வேண்டும்.

தேர்வு அதிகாரி என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தொடையில் அட்டையை வைத்து டிக் போட்டுக்கொண்டே வந்தார். திருப்பம், ஏற்றம், இறக்கம் எல்லாவற்றிலும் தேறிவிட்டேன். தரையிறங்குவதுதான் பாக்கி. ரேடியோவில் கட்டுப்பாட்டு டவரைக் கூப்பிட்டேன்.

"கிழக்குப் பக்கமா வந்து இறங்கலாம். காத்து பின்னாலேர்ந்து பன்னெண்டு நாட்" என்றார் டவர் மேடம்.

விமானம் எதிர்க்காற்றில்தான் இறங்க வேண்டும். எதிர்க்காற்று நெஞ்சில் கை வைத்து நிறுத்தும். பின்காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். நாட் என்பது காற்றின் வேகக் கணக்கு; பத்து நாட் வேகத்துக்கு மேல் பின்காற்றில் இறங்கக்கூடாது என்று என் விமானத்தின் கையேட்டில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. எனக்கு அது மனப்பாடம். ஆனாலும் எனக்கு முன்னால் போனவர் இறங்கினாரே? அதிகாரி வேறு பக்கத்தில் இருக்கிறாரே? இந்த நேரத்தில் டவரிடம் வம்பு எதற்கு?

"சரிங்க, இறங்குறேன்" என்றேன்.

சக்கரம் தரையைத் தொட மறுத்தது. பாதி ஓடுபாதை எங்களுக்கு அடியில் சும்மா போனது. ஒருவழியாகத் தொட்டதும் பிரேக்கின் மேல் ஏறி நின்றேன் என்றே சொல்லலாம். ரப்பர் கருகும் வாடையோடு, புல் தொடங்கும் இடத்தில் விமானம் நின்றது.

"காத்து எவ்ளோ?" என்றார் அதிகாரி.

"பன்னெண்டு சார்."

"புக்ல எவ்ளோ?"

"பத்து சார்."

"அப்புறம் எதுக்குய்யா இறங்குன?"

"டவர்ல சொன்னாங்க சார்."

"டவரா விமானத்த ஓட்டுது? முடியாதுன்னு ஒரு வார்த்தை. அத சொல்லத் தெரியாதவனுக்கு எதுக்கு லைசென்ஸ்?"

அட்டையில் 'தோல்வி' என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டார். ஒரு கோடு போதாதா மனுஷனுக்கு?

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராக டவருக்குப் போனேன். டவர் என்றால் இரண்டு மாடி ஏறினால் ஒரு கண்ணாடி அறை; மேடமும் ஒரு மேஜை விசிறியும்.

"ஏன் மேடம் பின்காத்துல இறங்கச் சொன்னீங்க?"

"காலையில காத்து எதிர்ப்பக்கம்தான் இருந்துச்சு. மத்தியானம் திரும்பிடுச்சு. ஒவ்வொருத்தருக்கும் காத்த வாசிச்சேன். அஞ்சு பேர் இறங்குனீங்க, ஒருத்தர்கூட வாயத் திறக்கல. இறங்குனதும் கேன்டீன் பக்கம்ங்கிறதால உங்களுக்கு அதுதான் வசதி போலன்னு விட்டுட்டேன்" என்றார்.

நாங்கள் அவர் சொல்கிறாரே என்று இறங்கினோம். நாங்கள் இறங்குகிறோமே என்று அவர் சொன்னார். அதற்குள் ரேடியோவில் ஒரு குரல் வந்தது. சாட்சாத் தேர்வு அதிகாரிதான். தன் மேலதிகாரியான டைரக்டரைப் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு ஊருக்குக் கிளம்புகிறார்.

மேடம் நிறுத்தி நிதானமாக வாசித்தார். "அதே பக்கம் புறப்படலாம். காத்து பின்னாலேர்ந்து பதினாலு நாட்."

"டைரக்டர் சாருக்கு நேரமாகுது. புறப்படுறேன்" என்றார் அதிகாரி.

விமானம் உருள ஆரம்பித்தது. பின்காற்றில் அது எழும்ப இரண்டு மடங்கு தூரம் வேண்டும். அந்தப் பக்கக் கடைசியில் புல்லைத் தாண்டினால் சுவர். மேடத்தின் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினேன்.

"நிறுத்துங்க சார்! முடியாதுன்னு சொல்லுங்க!"

விமானம் போய்க்கொண்டே இருந்தது. பிறகு வேகம் குறைந்தது, தடுமாறியது, பாதி ஓடுபாதையில் நின்றது.

"டவர்..." என்றார் அதிகாரி. தொண்டையைச் செருமினார். "முடியாது."

"சரிங்க, எதிர்ப்பக்கத்துக்கு மாத்திடுறேன்" என்றார் மேடம். அவ்வளவுதான். ஒரு பொத்தானை அழுத்தினார், முடிந்தது.

நான் ஓடுபாதை ஓரத்துக்கு ஓடினேன். அதிகாரி வியர்த்து வழிய இறங்கி நின்றார். டைரக்டர் பின் சீட்டில் போன் பேசிக்கொண்டிருந்தார். அவருக்கு எதுவும் தெரியாது.

"அடுத்த மாசம் மறுபடியும் தேர்வு வச்சுக்கலாம்ப்பா" என்றார் அதிகாரி. குரலில் அத்தனை கனிவு.

"முடியாது சார். இப்பவே வைங்க. காத்து இன்னும் நிக்கல" என்றேன்.

என் வாயிலிருந்துதான் வந்ததா என்று எனக்கே சந்தேகம். அதிகாரி என்னைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டே பின் சீட்டின் பக்கம் குனிந்தார்.

"சார், தேர்வு வைக்கலாங்களா?"