பங்காளி முறை

"பதினேழும் நாப்பத்தொண்ணும் பங்காளிகூட இல்லீங்க மேடம். எங்கேயோ எட்டாத உறவு," என்று அவளிடம் சொன்னார் சோடாபுட்டி. ஆய்வகத்தில் யாரும் அவரை வேறு பெயர் சொல்லி அழைத்ததில்லை.

மூளைக்காய்ச்சல் ஊரையே ஆட்டிவைத்த இரண்டு மாதங்களில் வந்த மாதிரிகள் அவை. கிருமியின் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படித்து, எது எதற்குச் சொந்தம் என்று கிளை பிரித்து வரைவது அவர்கள் வேலை. சோடாபுட்டி அதற்கெல்லாம் முறை வைத்துச் சொல்வார். நாலு எழுத்து மாறினால் உடன்பிறப்பு, நாற்பது மாறினால் ஒன்றுவிட்ட சொந்தம். குழாய்களில் எண் மட்டும்தான் இருக்கும். ஆனால் தன் வீட்டு எண்கள் அவளுக்கு மனப்பாடம்.

பதினேழு, அண்ணன் மகள். ஆறு வயது. இப்போது இல்லை. நாற்பத்தொன்று, தம்பி மகன். அவனுக்குத்தான் முதலில் காய்ச்சல் கண்டது, பிழைத்துக்கொண்டான். "உன் பையன் இருமித்தான் என் பொண்ணு போச்சு" என்று அண்ணன் ஆஸ்பத்திரி வாசலில் வைத்துத் தம்பியிடம் சொல்லிவிட்டார். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது. அந்தப் பையன் இப்போது யார் எதிரில் வந்தாலும் வாயைப் பொத்திக்கொள்கிறான். எட்டு வயதுதான் அவனுக்கு. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது சரியாகத்தான் இருக்கிறது.

அத்தோடு எழுந்து போயிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

"அப்போ பதினேழுக்கு யாரு கிட்டத்து சொந்தம்?"

"நாப்பத்தாறு. நோய் வராம கிருமிய மட்டும் தொண்டையில சுமக்கற ஆளு. வீட்ல இருந்தவங்க தொண்டையில பஞ்சு விட்டு எடுத்தோமே, அதுல ஒண்ணு. ஒரு எழுத்துகூட மாறலை மேடம், அச்சு அசல்."

நாற்பத்தாறு, அண்ணன். பஞ்சுக்குச்சி பட்டதும் குமட்டி அவள் கையைத் தட்டிவிட்டவர்.

"யார்கிட்டேருந்து யாருக்குன்னு சொல்லுமா?"

"அது சொல்லாதுங்க. ரெண்டும் ஒண்ணுன்னு மட்டும்தான் சொல்லும்."

அறிக்கையில் எண்கள்தான் போகும். அவள் வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. தம்பி மகனும் வாயைப் பொத்திக்கொண்டே வளர்வான். வராந்தாவுக்கு வந்து போன் போட்டாள்.

"சொல்லு பாப்பா." நாற்பது வயதாகியும் அண்ணனுக்கு அவள் பாப்பாதான்.

"அண்ணா, தம்பி பையன்கிட்டேருந்து வரலை. அவனுக்கு வந்தது வேற கிருமி. உறுதியாயிடுச்சு."

 மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம். "அந்தப் புள்ளையப் போய் என்னெல்லாம் பேசிட்டேன்..." அழுகிறார் என்று தெரிந்தது. அவளுக்கும் கண் கலங்கியது, நிம்மதியாகவும் இருந்தது. அண்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அப்போ, யார்கிட்டேருந்து வந்துச்சு பாப்பா?"

கண்ணாடிக் கதவுக்கு அப்பால், திரையில், பதினேழும் நாற்பத்தாறும் ஒரே காம்பில் இரண்டு காய்களாய் ஒட்டிக்கொண்டிருந்தன. போனில் அண்ணன் மூச்சு விடுவது கேட்டது.