நிலாந்தி இருந்த மூன்று வருடம்

நெடுந்தீவுக்குப் புதிதாக வந்த தபால்காரர், யோகம்மாவுக்கு இரண்டு பெண்பிள்ளைகள் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார். ஒருத்தி இங்கே படிப்பிக்கிறாள், மற்றவள் மலைநாட்டில் படிப்பிக்கிறாள் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். யோகம்மா அதைத் திருத்தவில்லை.

உண்மையில் அவருக்கு ஒரே மகள், ஸ்ரீவாணி. மகன் பிரான்சில். கணவர் சிவபாதம், மகள் யாழ்ப்பாணத்தில் கல்வியியற் கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சுவலியில் போய்விட்டார். அதன்பிறகு ஐந்து மாடுகளும் கல்வேலி போட்ட ஒரு வளவும் யோகம்மாவும்தான். மகள் படிப்பை முடித்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கே விஞ்ஞான ரீச்சராக வந்துவிடுவாள் என்று நம்பிக்கொண்டிருந்தார். தீவுக்கு வர விரும்புகிற ஆசிரியர் யார்? அந்த இடம் அவளுக்காகவே காத்திருக்கிறது என்று நினைத்தார்.

நியமனம் வந்த அன்று மகள் போன் எடுத்தாள். அழுதுகொண்டே பேசினாள்.

"அம்மா, எனக்கு மலைநாடு. அப்புத்தளைப் பக்கம். நெடுந்தீவு நிலாந்திக்கு விழுந்திருக்கு."

நிலாந்தி அவளோடு விடுதியில் ஒரே அறையில் இருந்தவள். அவளுடைய ஊரே அப்புத்தளைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டம். இருவரும் ஒரே பாடம், ஒரே நாளில் நியமனம், ஒருத்தியின் ஊர் மற்றவளுக்கு. மூன்று வருடம் முடியும்வரை இடமாற்றம் கேட்க ஏலாது என்று அதிகாரி சொல்லிவிட்டார்.

"அவளை எங்கட வீட்டில விடுங்கோ அம்மா. நான் அவையின்ர வீட்டில நிக்கிறன்," என்றாள் ஸ்ரீவாணி.

அப்படித்தான் நிலாந்தி வந்து சேர்ந்தாள். தீவின் மாவிலித்துறையில் படகால் இறங்கியபோது முகம் வெளிறிப்போயிருந்தது. முதல் வாரம் கிணற்றுத் தண்ணீரின் உவர்ப்பில் தேநீர் இறங்கவில்லை. காற்று சுற்றிச் சுற்றி அடிக்கிறது, ஒதுங்க ஒரு மலை இல்லை என்றாள். யோகம்மாவை அன்ரி என்று கூப்பிட்டாள், பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடுவது போல.

பிறகு கொரோனா வந்தது. பள்ளிக்கூடம் பூட்டு, படகு இல்லை. இந்தப் பிள்ளையோடு தனியாக என்ன பேசுவது என்று யோகம்மா முதலில் தயங்கினார். ஆனால் அந்த மாதங்களைத்தான் இப்போது அடிக்கடி நினைத்துக்கொள்கிறார். நிலாந்தி பால் கறக்கப் பழகினாள். சிவப்பிப் பசு அவளை இரண்டு தரம் உதைத்தது. மூன்றாம் தரம் அவள் அதைத் திட்டிய திட்டில் யோகம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். மத்தியானத்தில் தேங்காய்ப்பூப் போட்டுத் தடிப்பாக ரொட்டி சுட்டுத் தந்தாள், தோட்டத்தில் அம்மா சுடுவது போல. யோகம்மா பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சினார். முதல் வாயிலேயே உறைப்பில் அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது, ஆனாலும் கோப்பையை நீட்டி இன்னும் கேட்டாள். எப்போது அன்ரி போய்ப் பெரியம்மா வந்தது என்று இருவருக்கும் ஞாபகம் இல்லை.

மூன்று வருடம் முடிந்ததும் தோழிகள் இருவரும் இடம் மாறிக்கொள்ள விண்ணப்பித்தார்கள். தை மாதத்திலிருந்து மாற்றம் என்று கடிதம் வந்தது. கொரோனாவாலும் பிறகு வந்த எரிபொருள் தட்டுப்பாட்டாலும் தள்ளித் தள்ளிப் போன அவர்களுடைய கல்லூரிப் பட்டமளிப்பு விழாவுக்கும் அந்த ஐப்பசியில்தான் நாள் குறித்தார்கள்.

விழாவன்று விடியற்காலைப் படகில் யோகம்மாவும் நிலாந்தியும் புறப்பட்டார்கள். நிலாந்தி சேலையை முழங்காலுக்கு மேல் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஒரே எட்டில் படகுக்குள் இறங்கினாள். மேலங்கி இருந்த பையை நனையாமல் மடியில் வைத்திருந்தாள். ஓட்டி நடராசா திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "ரீச்சர் இனி எங்களை மறந்திடுவா."

"நீங்க மறக்காட்டிச் சரி அண்ணை," என்றாள் நிலாந்தி.

மண்டப வாசலில் ஸ்ரீவாணி நின்றாள். பக்கத்தில் மெலிந்த, உயரமான ஒரு பெண். நீலக் கரை வைத்த சேலை, காலில் புதுச் செருப்பு. அது நிலாந்தியின் அம்மா அம்பிகை. போனில் எத்தனையோ தரம் பேசியிருந்தாலும் இருவரும் நேரில் பார்ப்பது அன்றுதான். அம்பிகை யோகம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அந்த விரல்கள் கொழுந்து பறித்துப் பறித்துக் கறுத்து, வெடித்திருந்தன.

"அக்கா, நீங்க இவ்ளோ சின்ன ஆளா? எம்புள்ள சொல்றதக் கேட்டு நான் பெரிய ஆளா நெனச்சிருந்தேன்."

பிள்ளைகள் உடை மாற்றப் போனார்கள். தாய்மார் இருவரும் பக்கத்துப் பக்கத்துக் கதிரைகளில் இருந்தார்கள். விருந்தினர் பேசினார், அதிபர் பேசினார். இன்னொரு விருந்தினர், ஆசிரியத் தொழிலின் மகத்துவம் பற்றி நீண்ட நேரம் பேசினார். அம்பிகை காலிலிருந்து செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, விரல்களை நீட்டி மடக்கினார். யோகம்மாவும் தன் செருப்பைக் கழற்றினார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

பெயர்களை வாசிக்கத் தொடங்கினார்கள். நிலாந்தியின் பெயர் வந்ததும் யோகம்மா எழுந்து நின்றுவிட்டார். நின்றது அவருக்கே தெரியாது. பின்னால் யாரோ, "அம்மா, இருங்கோ, மறைக்குது," என்றபிறகுதான் இருந்தார். அம்பிகை கையெடுத்துக் கும்பிட்டபடி இருந்த இடத்திலேயே அழுதுகொண்டிருந்தார்.

அடுத்து ஸ்ரீவாணியின் வரிசை. கறுப்பு அங்கி, ஒரே மாதிரிக் கொண்டை, இருபது பெண்கள். யோகம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுத் தேடினார். யார் தன் பிள்ளை என்று தெரியவில்லை.

"அந்தா, நாலாவது," என்றார் அம்பிகை. "பின்னால கைய வெச்சுக் கொண்டையத் தொட்டுப் பாக்குது பாருங்க. பயம் வந்தா வாணி அப்படித்தான் செய்யும்."

நாலாவது பெண் ஸ்ரீவாணிதான். சான்றிதழை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தாள். யோகம்மா கை தட்டினார். தன் மகள் பயந்தால் கொண்டையைத் தொடுவாள் என்பது அவருக்குத் தெரியாது. வீட்டில் இருந்த காலத்தில் அவள் இரட்டைப் பின்னல் போட்டிருந்தாள். அந்தப் பழக்கம் எப்போது வந்தது, எதற்குப் பயந்தாள், பக்கத்தில் யார் இருந்தார்கள்? எல்லாம் இந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது.

அன்று பின்னேரம் நால்வருமாக நெடுந்தீவுக்குத் திரும்பினார்கள். மகள் மூன்று வருடம் இருந்த இடத்தை ஒருதரம் பார்க்க வேண்டும் என்று அம்பிகை ஆசைப்பட்டார். குறிகட்டுவான் துறையில் படகைக் கண்டதும், "இதுலயா? இதுலயா போகணும்?" என்று கேட்டார். ஏறியபிறகு யோகம்மாவின் முழங்கையை விடவே இல்லை. ஆனால் நடுக்கடலில் வாந்தி எடுத்தது ஸ்ரீவாணிதான். நடராசா விழுந்து விழுந்து சிரித்தார்.

"நெடுந்தீவுப் பிள்ளைக்குக் கடல் ஒத்துக்கொள்ளேல்லையோ! அங்க பார், மலைநாட்டுப் பிள்ளை கச்சான் கொறிச்சுக்கொண்டு நிக்குது!"

நிலாந்தி ஓடிவந்து அவளுடைய நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டில் ஸ்ரீவாணி குசினிக்குள் போய்ச் சீனிப் போத்தலைத் தேடினாள். அது பழைய இடத்தில் இல்லை. "நிலா, சீனியை எடுத்துக் குடு," என்றார் யோகம்மா. பிறகுதான் சொன்னதை உணர்ந்தார். ஸ்ரீவாணி, நிலாந்தி காட்டிய சுவர்த் தட்டிலிருந்து போத்தலை எடுத்துத் தேநீர் ஊற்றினாள்.

மறுநாள் ஞாயிறு. காலையில் தாயும் மகளும் மாடுகளுக்குத் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தார்கள். ஸ்ரீவாணி கிணற்றுத் துலாக் கயிற்றைப் பிடித்தபடி நின்றாள்.

"அம்மா, ஒண்டு சொன்னால் கோவிப்பியளோ?"

"சொல்லு."

"மாற்றக் கடிதம் வந்த அண்டைக்கு நான் அழுதனான். சந்தோசத்தில அழுறன் எண்டு அம்பிகையம்மா நினைச்சவ. பிள்ளையளும் சேந்து கை தட்டினதுகள். எனக்கு அங்க இருந்து வர விருப்பமில்லையம்மா. உங்களிட்ட வர விருப்பம். அங்க இருந்து வரத்தான் விருப்பமில்லை."

யோகம்மா வாளியைத் தொட்டிக்குள் கவிழ்த்தார். மாடு குடிக்கத் தொடங்கியது.

"நீ திரும்பி வரவேணும் எண்டு நயினாதீவு அம்மாளுக்கு நேத்தி வைச்சிருந்தனான்," என்றார். "கடிதம் வந்திட்டுது. போய் நிறைவேற்ற வேணுமெல்லோ? இண்டைக்கு நாளைக்கு எண்டு மூண்டு மாசமாப் போகேல்லை. காலில நோ எண்டு நிலாவுக்குச் சொன்னனான். காலில நோ ஒண்டும் இல்லை."

"பேந்து ஏன்?"

"போய்க் கும்பிட்டால் அவள் போறதுக்கு நானே நன்றி சொன்ன மாதிரி இருக்கும் எண்டு நினைச்சன். உன்னில பாசம் இல்லாமல் இல்லை, பிள்ளை."

ஸ்ரீவாணி கயிற்றை விட்டாள். துலா மேலே போய் ஆடியது. தாயின் தோளில் முகத்தை வைத்து அழுதாள். யோகம்மா ஈரக் கையால் அவள் முதுகைத் தடவினார். "எனக்கு விளங்குது, எனக்கு விளங்குது," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அன்றைக்குத்தான் மகள் ஊருக்குத் திரும்பி வந்தாள் என்று யோகம்மா சொல்வார்.

பின்னேரம் படலையடியில் சத்தம் கேட்டது. நிலாந்தி ரீச்சரின் அம்மா வந்திருக்கிறா என்று கேள்விப்பட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். அம்பிகையைக் கதிரையில் இருத்திச் சுற்றி நின்றார்கள்.

"ரீச்சர் சின்னனில குழப்படியோ?" என்று கேட்டாள் கோபிகா, எட்டாம் வகுப்புக்காரி.

"ஐயோ, கேக்காதீங்க," என்றார் அம்பிகை. "கொழுந்துக் கூடைக்குள்ள பூனையப் போட்டு மூடி மலைக்கு அனுப்பிருச்சு. கங்காணி கூடையத் தெறந்தாரு பாருங்க!"

நிலாந்தி உள்ளேயிருந்து, "அம்மா!" என்று கத்தினாள். பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் மாடுகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்ட அம்பிகை அன்று பொழுதுபடும்வரை அந்தப் பிள்ளைகளுக்குக் கதை சொன்னார். தேயிலை எப்படிப் பூக்கும், பனியில் பாதை எப்படி மறையும், அட்டை கடித்தால் என்ன செய்வது. யோகம்மா வாசற்படியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். தன் மகளைச் சுற்றி மலைநாட்டில் நிற்கும் பிள்ளைகளும் இப்படித்தான் இருப்பார்கள் என்று அப்போதுதான் அவருக்குப் பட்டது. மூன்று வருடத்தில் ஒரு பிள்ளையின் பெயரைக்கூட அவர் கேட்டதில்லை. சாப்பிட்டியோ, குளிரோ, எப்ப வருவாய் என்று மட்டுமே கேட்டிருக்கிறார்.

தை பிறந்தது. நிலாந்தி போகிற நாளும் ஸ்ரீவாணி வருகிற நாளும் ஒன்றாக அமைந்தன. யோகம்மா நிலாந்தியோடு குறிகட்டுவான் வரை வந்தார். ஒரு பை நிறையப் பனங்கிழங்குப் புழுக்கொடியலும் பனங்கட்டியும் அம்பிகைக்கு. அவர்கள் படகால் இறங்கவும் ஸ்ரீவாணியோடு யாழ்ப்பாணத்து பஸ் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. அதே பஸ் அரைமணித்தியாலத்தில் திரும்பும்.

தோழிகள் கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று யோகம்மா எதிர்பார்த்தார். அவர்கள் பொதிகளுக்கு மேலே உட்கார்ந்து கொப்பிகளை விரித்தார்கள்.

"ஒன்பதில தர்சினிக்குத் தூரத்தில கண் தெரியாது," என்றாள் நிலாந்தி. "கேட்டாச் சொல்லமாட்டாள். முன் வாங்கில இருத்து. கோபிகா எல்லாத்தையும் பாடமாக்கிறவள், விளங்காது. செய்து காட்டினால் பிடிச்சிடுவாள்."

"அங்க பத்தாம் வகுப்பில ரெண்டு பேர் காலமை சாப்பிடாமல் வருவினம்," என்றாள் ஸ்ரீவாணி. "முதல் பாடத்தில அவையைக் கேள்வி கேக்காதே. இடைவேளைக்குப் பிறகு கேள். நல்லாச் சொல்லுவினம்."

அப்படியே போய்க்கொண்டிருந்தது. ஒருத்தி சொல்ல மற்றவள் எழுதினாள். பஸ் ஹோர்ன் அடித்தது. கடைசியில்தான் நிலாந்தி எழுந்து யோகம்மாவின் காலைத் தொட்டாள். யோகம்மா பையின் முடிச்சை இன்னொருதரம் இறுக்கிக் கொடுத்தார். பஸ் புங்குடுதீவுத் தெருவில் திரும்பும்வரை தாயும் மகளும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

படகு புறப்பட்டது. ஸ்ரீவாணி வாந்தி வராமல் இருக்கத் தேசிக்காயை மூக்கில் வைத்து மணந்துகொண்டு கொப்பியை மடியில் வைத்திருந்தாள்.

"அந்தக் காலமை சாப்பிடாமல் வாற ரெண்டு பேரும் ஆர், பிள்ளை?" என்று கேட்டார் யோகம்மா. "பேர் என்ன?"

ஸ்ரீவாணி திரும்பிப் பார்த்தாள். பிறகு சொல்லத் தொடங்கினாள். மாவிலித்துறை வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள்.