துளசிமணியின் அந்த இடம்

துளசிமணியின் அந்த இடத்துக்கு சர்வே நம்பர் இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். சர்வே நம்பர் இல்லாத இடத்துக்கு வைத்தியம் பார்க்க முடியாது. அது விதி. அதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை.

அந்த ஆஸ்பத்திரியில் முன்பு பெண்கள் பிரிவு என்று ஒன்று இருந்தது. வருகிற பெண்கள் எல்லாரும் "அந்த இடத்துல அரிக்குது" என்றார்கள். "அந்த இடத்துல வலி" என்றார்கள். "அந்த இடத்துல வெள்ளை படுது" என்றார்கள். எந்த இடம் என்று ஒருத்தியாவது சொல்லித் தொலைத்தாளா என்றால் இல்லை. கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன நிர்வாகம் டாக்டரை ஒரு மூலையில் தள்ளிவிட்டு, நில அளவைக்காரர்களைக் கொண்டுவந்து உட்காரவைத்தது. இடம் என்றால் அவர்கள்தானே பார்க்க வேண்டும்? வாசலில் 'இடப் பிரிவு' என்று பலகை மாட்டினார்கள். கூட்டம் குறையவில்லை.

துளசிமணிக்கு ஐம்பத்து மூன்று வயது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வருகிற துணியை மேசையில் விரித்துப் பார்த்து, ஓட்டையோ கறையோ இருந்தால் அங்கே சின்ன அம்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கிவைக்க வேண்டும். மாதவிலக்கு நின்று இரண்டு வருஷம் ஆகிவிட்டது. விட்டது சனியன் என்று நிம்மதியாக இருந்தாள். ஒருநாள் துவைக்க எடுத்த பாவாடையைப் பழக்கதோஷத்தில் விரித்துப் பார்த்தாள். கறை. எண்ணெய் இல்லை, துரு இல்லை, சாயம் இல்லை. கை தானாக ஸ்டிக்கரைத் தேடியது.

அடுத்த வாரமும் பட்டது. அதற்கடுத்த வாரமும் பட்டது.

பக்கத்து மேசை அம்சவேணிக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. சூடு என்றார்கள். வெந்தயம் முழுங்கச் சொன்னார்கள். இளநீர் குடிக்கச் சொன்னார்கள். அம்சவேணி முழுங்கினாள், குடித்தாள், செத்துப்போனாள். அவள் மேசையில் இப்போது வேறொருத்தி நிற்கிறாள். துளசிமணிக்குச் சாக இஷ்டமில்லை, அவ்வளவுதான். டாக்டரைப் பார்க்க வேண்டும். இது புற்றுநோயா இல்லையா என்று பரிசோதிக்கச் சொல்ல வேண்டும். அதற்காக லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாள்.

சீட்டு கொடுக்கிற பெண் தலையை நிமிர்த்தவில்லை.

"என்ன?"

"அந்த இடத்துல ரத்தம் படுதுங்க."

"எந்த இடம்?"

"அதானுங்க... கீழ."

"கீழன்னா கிழக்கு. கிழக்க போங்க. கடைசியா எப்ப வீட்டுக்குத் தூரம்?"

"தூரம் நின்னு ரெண்டு வருசமாச்சுங்க."

"தூரமெல்லாம் நிக்காதுங்க" என்றாள் அந்தப் பெண். "நடந்து பாருங்க, தெரியும்."

நடந்து பார்த்தாள். தெரிந்தது. கிழக்கு வராந்தா போய்க்கொண்டே இருந்தது. இந்தா வந்துவிட்டது என்று நினைத்தால் கடைசிச் சுவர் அக்கட்டால் இன்னும் தள்ளி நகர்ந்துகொண்டது. வழியில் ஒரு பஸ் ஸ்டாப் இருந்தது. நிழற்குடையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். பஸ் வரவில்லை. ஆஸ்பத்திரிக்குள் பஸ் விடுவார்களா என்ன? முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நடந்தாள். இந்த ஆஸ்பத்திரிக்காரர்கள் வீட்டுப் பெண்டு பிள்ளைகள் எல்லாம் எந்த வராந்தாவில் நடப்பார்களோ, அந்த வயிற்றெரிச்சல் நமக்கெதற்கு.

இடப் பிரிவில் பெஞ்சு நிறையப் பெண்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எல்லாரும் தரையில் எதையோ தொலைத்திருந்தார்கள். துளசிமணி ஓரமாக ஒண்டிக்கொண்டாள்.

அங்கே கேள்வி வாங்குவதில்லை. பதில் மட்டும் கொடுப்பார்கள். ஆயா ஒருத்தி இடுப்பில் கூடையை வைத்துக்கொண்டு, ரயிலில் சுண்டல் விற்கிற மாதிரி பதில்களைக் கூவிக்கொண்டு வந்தாள்.

"சூடு யாருக்கு, சூடு! இந்த வயசுல அப்படித்தான் யாருக்கு! கல்யாணம் ஆனாச் சரியாப்போயிரும் யாருக்கு!"

காலேஜ் பை மாட்டிய பெண் ஒருத்தி கையைப் பாதி தூக்கினாள். "எனக்கு வெள்ளை படுதுங்க. ஒரு மாதிரி வாடை வருது. அரிக்குதுங்க."

"கல்யாணம் ஆனாச் சரியாப்போயிரும். இந்தா."

"அரிப்புக்குமா?"

"அரிப்புக்கும் அதேதான் கண்ணு. புடி."

அவள் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். இன்னொருத்தி, புருஷன் பக்கத்தில் வந்தாலே வலிக்கிறது என்றாள். ஆயா கூடையைக் கிளறிப் பார்த்தாள். "புள்ள பெத்தவளுக்கு இதெல்லாம் ஒரு வலியா" என்பதை எடுத்துக் கொடுத்தாள். சூடு ஆறியிருக்கவில்லை. அந்தம்மா முந்தானையில் பிடித்து வாங்கிக்கொண்டாள்.

துளசிமணியின் மடியில் "இந்த வயசுல அப்படித்தான்" வந்து விழுந்தது.

"எனக்கு இது வேண்டாங்க" என்றாள் துளசிமணி. "நான் இன்னும் கேக்கவே இல்லீங்களே."

"கேட்டுட்டு உக்காந்திருந்தாப் பதில் தீந்துபோயிரும். அப்புறமேட்டுக்கு என்னைக் குத்தம் சொல்லப்படாது."

"நான் டாக்டரைப் பாக்கோணும்."

பெஞ்சு முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது. ஆயா கூடையைக் கீழே வைத்தாள். "திமிரைப் பாரு. சர்வேயரையே இன்னும் பாக்கல, டாக்டரைப் பாக்கோணுமாமா."

சர்வேயர் பெயர் நாச்சிமுத்து. தோளில் அளக்கிற சங்கிலி கிடந்தது. துளசிமணியை நேராகப் பார்க்காமல், அவள் தலைக்கு மேலே ஒரு முழம் தள்ளிப் பார்த்துப் பேசினார். பெண்களை நேராகப் பார்ப்பது மரியாதை இல்லை என்பது அவர் வளர்ந்த விதம்.

"இடம் யாரு பேர்ல இருக்குது?"

"என்ற சொந்த இடமுங்க."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. மூலப் பத்திரம்?"

"பொறந்ததுல இருந்து என்கிட்டத்தானுங்க இருக்குது."

"அது அனுபவம்மா. அனுபவம் வேற, பாத்தியதை வேற. நாலு எல்லை சொல்லுங்க."

துளசிமணி வாயைத் திறப்பதற்குள் அவரே எழுதிக்கொண்டார். எழுதும்போது சத்தமாகச் சொன்னார். பெஞ்சுக்கெல்லாம் கேட்டது.

"வடக்கே தொப்புள். தெற்கே முழங்கால். கிழக்கே மாமியார். மேற்கே நாலு பேர்."

"மாமியார் செத்துப் பத்து வருசமாச்சுங்க."

"எல்லை சாகாது."

"நாலு பேருன்னா யாருங்க?"

"அது உங்களுக்குத் தெரியாதாக்கும்?" என்றார் நாச்சிமுத்து. "இத்தனை வருசம் அவுங்களுக்குப் பயந்துதானே இருந்தீங்க?" பிறகு பேனாவை மூடினார். "பட்டாதாரரைக் கூப்பிடுங்க."

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. துளசிமணி திரும்பிப் பார்த்தால் அவள் புருஷன் சென்னியப்பன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் டீ இருந்தது. பெண்களுக்குப் பெஞ்சு, பட்டாதாரர்களுக்கு நாற்காலி. அவர் எப்படி வந்தார், வராந்தா அவரை நடக்கவிட்டதா என்று துளசிமணி கேட்கவில்லை. ஆம்பளைக்கு எப்போதும் குறுக்கு வழி ஒன்று இருக்கும்.

சென்னியப்பனைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. இதுவரை கை நீட்டியதில்லை. உடம்புக்கு என்ன என்று கேட்டதும் இல்லை.

"இடத்தைத் திறந்து பாக்கறதுல உங்களுக்கு ஆட்சேபணை உண்டுங்களா?" நாச்சிமுத்து எழுந்து நின்று கேட்டார்.

சென்னியப்பன் டீயைப் பார்த்து யோசித்தார். "நானா ஒண்ணும் சொல்ல முடியாதுங்க. வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றனுங்க."

வீட்டில் என்றால் துளசிமணிதான். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதில்லை. துளசிமணி அவர் நாற்காலிக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏனுங்க, நான் இங்கதான நிக்கறேன். கேளுங்க. பாக்கலாம்னு சொல்றேன்."

"நீ செத்த சும்மா இரு. வீட்டுல கேக்காம எப்படி முடிவு பண்றது? நாளைக்கு ஒரு பேச்சு வந்துட்டா?"

நாச்சிமுத்து தலையாட்டினார். பொறுப்பான மனுஷன் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. சென்னியப்பன் டீயை வைத்துவிட்டு வீட்டுக்குப் புறப்பட்டுப் போனார். துளசிமணி நின்றாள். கால் கடுத்தது. அடிவயிறு பிடித்து இழுத்தது. உள்ளே பாவாடை நனைவது தெரிந்தது. அம்சவேணி கடைசி நாட்களில் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. எல்லாரும் அவளை வேலைக்கள்ளி என்றார்கள். துளசிமணியும் சொல்லியிருக்கிறாள்.

சென்னியப்பன் திரும்பி வந்தார். டீ இன்னும் ஆறவில்லை.

"போய்ப் பாத்தனுங்க. வீடு பூட்டிக் கெடக்குது. வீட்டுல ஆளே இல்லீங்க."

"ஆள் இல்லீங்களா?"

"ஒருத்தருமில்லீங்க."

நாச்சிமுத்து பெருமூச்சு விட்டார். பேனாவைத் திறந்தார். "ஆள் இல்லாத இடம். கேட்பாரும் இல்லை. சர்வே நம்பரும் இல்லை. புறம்போக்கு" என்று எழுதி முத்திரை குத்தினார். "ஏம்மா, நீங்க இதுல ஆக்கிரமிப்பு. சீக்கிரமாக் காலி பண்ணீருங்க."

துளசிமணி கம்பெனியில் யாரிடமும் ஒரு சொல் வாங்காதவள். சூப்பர்வைசர் கத்தினால்கூடத் துணியைத்தான் பார்ப்பாள். ஆனால் புறம்போக்கு என்ற சொல்லை ஊரில் யார் யாருக்குச் சொல்வார்கள், எதற்குச் சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். ரத்தம் உச்சந்தலைக்கு ஏறியது.

"யாரைப் பாத்துடா புறம்போக்குங்கற?"

"ஏம்மா, வார்த்தையை அளந்து..."

"நீதான் அளக்கறவன். நீ அளந்துக்க!"

அம்சவேணி செத்த அன்று அவளுடைய ஆஸ்பத்திரிச் சீட்டைக் கம்பெனிப் பெண்கள் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தார்கள். வாய்விட்டு யாரும் படிக்கவில்லை. அன்றைக்குப் படித்த சொல் துளசிமணியின் தொண்டையிலேயே நின்றுவிட்டது. தண்ணீர் குடித்தும் இறங்கவில்லை, காறியும் வரவில்லை. இப்போது வந்தது.

"கர்ப்பப்பை வாய்!" என்று கத்தினாள். "என்ற கர்ப்பப்பை வாயில ரத்தம் வருது! கேட்டுச்சா? கர்ப்பப்பை வாய்!"

நாச்சிமுத்துவின் தோளிலிருந்து சங்கிலி நழுவி விழுந்தது. சென்னியப்பன் டீ டம்ளரைக் கையால் மூடிக்கொண்டார். ஆயா கூடைக்குப் பின்னால் குனிந்தாள்.

"இப்பத்தான் கூப்புடத் தோணுச்சா?" என்று ஒரு குரல் கேட்டது.

துளசிமணியின் சேலைக்குள்ளிருந்து வந்தது. காலையில் எழுந்ததும் வருமே, அந்த மாதிரி கரகரத்த அவளுடைய குரல்தான். இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. வாய் என்றால் பேசும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் என்ன என்று கேட்கும். ஐம்பத்து மூன்று வருஷமாக யாரும் கூப்பிடவில்லை, அதனால் அது பேசவில்லை.

"வாரக்கணக்கா ரத்தத்துல சொல்லிட்டிருக்கறேன்" என்றது வாய். "பாக்கற. துவைக்கற. கொடியில காயப்போடற. அதுவும் துண்டுக்கு அடியில ஒளிச்சு. ஆருக்குப் பயந்து ஒளிச்ச?"

"பயமா இருந்துச்சு" என்றாள் துளசிமணி. சொன்னதும் அழுகை வந்துவிட்டது. "எனக்குச் சாகப் பயமா இருக்குது."

"எனக்கு மட்டும் என்ன, ஆசையா?" என்றது வாய்.

"மெதுவாப் பேசச் சொல்லு அதை" என்று சென்னியப்பன் பல்லைக் கடித்தார். "மானம் போகுது."

"நீங்க சும்மா இருங்க" என்று இரண்டு இடத்திலிருந்தும் வந்தது. சென்னியப்பன் சும்மா இருந்தார்.

பெஞ்சில் காலேஜ் பெண் மெல்லக் குனிந்து, உதட்டுக்குள் அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தாள். சின்னக் குரலில் ஏதோ பதில் வந்தது. அவள் பக்கத்தில் இருந்தவள் சொன்னாள். அதற்குப் பக்கத்தில் இருந்தவள் சொன்னாள். ஒவ்வொன்றும் வருஷக்கணக்கில் பேசாமல் கிடந்தது; விடுமா? இடப் பிரிவு சந்தைக்கடை ஆகிவிட்டது. ஆயாவின் கூடையிலிருந்த பதில்களை யாரும் சீந்தவில்லை.

நாச்சிமுத்து காதைப் பொத்திக்கொண்டு, எழுதியதைக் குறுக்கே அடித்தார். "வாய் இருந்தா அது இடமில்ல. ஆளு. ஆளை நாங்க அளக்கறதில்ல." மூலையில் இருந்த கதவைக் காலால் தள்ளினார். "டாக்டர்கிட்டப் போய்த் தொலைங்க."

உள்ளே டாக்டரம்மா இருந்தாள். மேலெல்லாம் தூசி படிந்திருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "படுங்க" என்றாள். கையுறையை மாட்டிக்கொண்டாள். உள்ளே நுழைத்த இரும்பு சில்லென்று இருந்தது. வலித்தது. துளசிமணி முனகினாள்.

"சத்தம் போடாதீங்க. புள்ள பெத்தவதானே?"

பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்தாள். ஒரு துளி சதையும் எடுத்துச் சின்னப் பாட்டிலில் போட்டாள். பிறகு விளக்கை இழுத்து வைத்து மறுபடியும் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். அவள் முகம் மாறியது. எப்படி மாறியது என்று படுத்திருக்கிற துளசிமணிக்குத் தெரியவில்லை.

"புத்துநோயுங்களா?"

"எல்லா ரத்தமும் புத்து இல்ல. ஆனா தூரம் நின்னதுக்கப்புறம் ஒரு சொட்டு பட்டாலும் அன்னைக்கே வரோணும். அன்னைக்கே! இதுகூடத் தெரியாதா உங்களுக்கு?"

"இருக்குதுங்களா, இல்லீங்களா?"

"பரிசோதனை முடிவு வந்தாத்தான் சொல்ல முடியும்." டாக்டரம்மா உறையை உருவித் தொட்டியில் எறிந்தாள். அவளுக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. "வர்றவளுக எல்லாம் இப்படியே வாங்க. முத்தவிட்டுட்டு வாங்க. வந்து எங்க உசுரை எடுங்க. நான் கேக்கறேன், இத்தனை நாளா ஏம்மா வாயே திறக்கல?"

துளசிமணி எழுந்து உட்கார்ந்தாள். சேலையைச் சரிசெய்யவில்லை. டாக்டரம்மாவின் கண்ணை நேராகப் பார்த்தாள்.

இரண்டு வாயும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தன.