பதினொரு வருட விக்கல்

அந்தக் கட்டுரையை உலகத்தின் எந்த மூலையில் யார் மேற்கோள் காட்டினாலும் நூலகத்து அட்டைக்காரம்மாவுக்கு விக்கல் வந்தது. எழுதியவர் என்று பெயர் போட்டுக்கொண்ட பேராசிரியருக்கு ஒருநாளும் வரவில்லை. முதல் வருடம் ஒன்பது விக்கல், அடுத்த வருடம் முப்பத்தாறு, ஐந்தாம் வருடத்தில் நாளுக்கு மூன்று என்று ஏறியது. விடுமுறை மாதங்களில் சற்றுக் குறையும். சக ஊழியர்கள் தண்ணீர் கொடுத்துப் பார்த்தார்கள், பின்னால் வந்து பயமுறுத்திப் பார்த்தார்கள், பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

புத்தக அட்டைகளை அடுக்கும் வேலையில் சேர்ந்ததால் வந்த பெயர் அது. கணினி வந்து அட்டைகள் போன பிறகும் பெயர் போகவில்லை. பேராசிரியரோ ஆராய்ச்சிகளை அளக்கிற ஆராய்ச்சிக்காரர். ஓர் அறிஞர் இன்னொருவரின் கட்டுரையை ஏன் மேற்கோள் காட்டுகிறார் என்பதில் அவர் துறையில் இரண்டு கட்சி. நன்றி சொல்லத்தான் என்பது ஒன்று. பெரிய பெயரைக் காட்டி எதிராளியின் வாயை அடைக்கத்தான் என்பது மற்றது. பேராசிரியர் நன்றிக் கட்சி. மேடை ஏறினால் நன்றியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார், கேட்பவர்கள் உருகிப்போவார்கள்.

இரண்டு கட்சிகளையும் ஆட்டம் காண வைத்த அவருடைய பேர்போன கட்டுரை ஒரு மதிய நேரத்தில் தள்ளுவண்டியில் வந்தது. வண்டி நிறைய ஆய்விதழ்களோடு அட்டைக்காரம்மா அவர் மேஜை முன்னால் வந்து நின்றார்.

"சார், இந்தப் பழைய கட்டுரை நூத்திப் பதினேழாம் பக்கத்துல இருக்கு. இதை மேற்கோள் காட்டின நாப்பது பேரும் நூத்தி எழுபத்தொண்ணுன்னு போட்டிருக்காங்க. மூலத்தை ஒருத்தரும் தொறந்தே பார்க்கல. ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் காப்பி அடிச்சிருக்காங்க."

படிக்காமலே மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். சாப்பாட்டு இடைவேளைகளில் உட்கார்ந்து, இரண்டு வருடத்தில் அந்த அம்மா இப்படி ஆயிரத்துச் சொச்சம் தவறுகளைப் பிடித்துக் கொடுத்தார். பேராசிரியர் எழுதினார். அச்சுக்கு அனுப்பும்போது, பட்டம் இல்லாத ஒரு பெயர் தன் பெயரோடு சேர்ந்து நின்றால் கட்டுரை எடுபடாது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, அந்த அம்மாவின் பெயரை விட்டுவிட்டார். அடிக்குறிப்பில் ஒரு வரி நன்றிகூட இல்லை. இவர்தான் நன்றிக் கட்சி.

விக்கலின் விஷயம் அவருக்கு மூன்றாம் வருடமே புரிந்துவிட்டது. விக்கல் வந்த தேதிகளைக் குறித்துவைத்து, மாதங்கள் கழித்து வெளியான மேற்கோள் பட்டியலோடு ஒப்பிட்டார். பட்டியலில் இருந்த ஒவ்வொரு மேற்கோளுக்கும் ஒரு விக்கல் இருந்தது. வேறு மனிதனாக இருந்தால் அன்றைக்கே போய் மன்னிப்புக் கேட்டிருப்பான். இவர் விக்கலை எண்ணி, தன் மேற்கோள் கணக்கை ஆண்டறிக்கையில் முன்கூட்டியே போட்டார். பட்டியலும் ஏறக்குறைய அப்படியே வந்தது. நிர்வாகம் மூக்கில் விரலை வைத்தது, அவரைத் துறைத்தலைவராக்கியது.

ஏழாம் வருடம், வாசிப்பறையில் சத்தம் என்று புகார் போயிற்று. அட்டைக்காரம்மாவை ஜன்னல் இல்லாத கீழ்த்தள அறைக்கு மாற்றும் தாளில் பேராசிரியரும் கையெழுத்துப் போட்டார். அந்த அம்மா குடையையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு படி இறங்குவதைத் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தார். அன்று பிடித்த வெட்கம் பிறகு விடவே இல்லை. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கக் கூசிச் சவரம் செய்வதை நிறுத்தினார். தாடி வளர்ந்ததும் அறிவாளிக் களை வந்துவிட்டதென்று மனைவி சந்தோஷப்பட்டாள்.

பதினோராம் வருடம், அவருக்கு வாழ்நாள் விருது அறிவித்த வாரத்தில், தாங்க முடியாமல் கீழ்த்தளத்துக்குப் போனார். பெயரை விட்டது, தேதிகளைக் குறித்தது, கையெழுத்துப் போட்டது எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னார். விருதை வேண்டாமென்று எழுதிவிட்டதாகவும், ஆய்விதழுக்குத் திருத்தம் அனுப்பிவிட்டதாகவும் சொன்னார். நாலு வார்த்தை திட்டு வாங்கிக்கொண்டு போகலாம் என்றுதான் வந்திருந்தார்.

அட்டைக்காரம்மா திட்டவில்லை. "அப்ப அந்த விக்கலெல்லாம் இந்தக் கட்டுரைக்குத்தானா சார்?"

"ஆமாம்மா."

"எங்க வீட்டுக்காரர் தவறின மாசம்தான் சார் மொத விக்கல் வந்துச்சு. விக்கல் எடுத்தா யாரோ நினைக்கிறாங்கன்னு சொல்வாங்கல்ல. அவர்தான் நினைக்கிறாருன்னு இருந்துட்டேன். அதான் டாக்டர்கிட்டகூடப் போகல."

சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று பேராசிரியர் நினைத்தார், அப்படி நினைத்ததற்கும் சேர்த்து வெட்கப்பட்டார். அப்போது அந்த அம்மாவுக்கு ஒரு விக்கல் வந்தது. அது அடங்கும்வரை இருவரும் காத்திருந்தார்கள்.

"இது எந்த ஊர்லேர்ந்து சார்?"

"பட்டியல் வந்தாத்தான் தெரியும்மா. வந்ததும் எழுதித் தர்றேன்."

திருத்தம் அச்சாகியது. கட்டுரையில் இப்போது இரண்டு பெயர், அட்டைக்காரம்மாவின் பெயர் முதலில். அவர் வாசிப்பறைக்கே திரும்பிவிட்டார். விக்கல் வரும்போது படிப்பவர்கள் வரியில் விரலை வைத்துக்கொண்டு, அது அடங்கியதும் மேலே படிக்கிறார்கள். பட்டியல் வரும் நாளில் பேராசிரியர் எந்த விக்கல் எந்த ஊரிலிருந்து என்று எழுதிய தாளை, அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் மேஜையில் வைத்துவிட்டுப் போகிறார். எந்த ஊரும் பொருந்தாத விக்கல்கள் வருடத்துக்கு இரண்டு மூன்று மிஞ்சுகின்றன. அவற்றுக்கு நேரே ஒன்றும் எழுதாமல் விடுவதற்கு முன் மூன்று முறை சரிபார்க்கிறார். அந்தத் தாள்களை மட்டும் அட்டைக்காரம்மா வீட்டுக்குக் கொண்டுபோகிறார்.